தங்க வாட்ச்சில் விலை எங்கே இருக்கிறது? லாங்கே 1-ஐ வைத்து ஒரு விளக்கம்

கேள்வி இதுதான்: "ஜெர்மனியில் செய்யும் லாங்கே 1 என்ற தங்க வாட்ச் பல பத்தாயிரம் யூரோ விலை. செயின்கூடத் தங்கம் கிடையாது, தோல் பட்டைதான். அதில் இருக்கும் தங்கத்தை எடை போட்டால் சில பவுன் வரும். மீதிப் பணம் முழுக்கப் பெயருக்குத்தானா? அப்படி என்ன வேலைப்பாடு அதில்?"

சந்தேகம் நியாயமானது. நாம் தங்கம் வாங்கும்போது முதலில் கேட்பது கிராம் விலை. அதன் பிறகுதான் செய்கூலி, சேதாரம். செய்கூலி தங்கத்தின் விலையைத் தாண்டிப் போனால் கடையை விட்டு எழுந்து வந்துவிடுவோம். லாங்கே 1-இல் அந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். செய்கூலிதான் பொருள். இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: அதிகமான கைவேலை தங்கத்தின் மேல் நடப்பதே இல்லை. தாமிரம், நிக்கல், துத்தநாகம் கலந்த ஒரு மலிவான உலோகத்தின் மேலும், சாதாரண எஃகின் மேலும்தான் நடக்கிறது. பெயருக்கும் ஒரு பங்கு போகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழுக்கப் பெயருக்கு என்று சொன்னால் அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

முதலில் தங்கத்தைப் பார்த்துவிடலாம்.

உயர்ரக வாட்ச்களில் போடுவது 18 காரட். ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். கேஸின், அதாவது வாட்ச்சின் வெளிக்கூட்டின், பின்பக்கம் 750 என்று முத்திரை இருக்கும். நம் நகைக்கடை 916-ஐப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மட்டமாகத் தெரியலாம். ஆனால் 22 காரட் இந்த வேலைக்கு மிகவும் மென்மை. வாட்ச் கேஸ் என்பது கண்ணாடியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், உள்ளே இயந்திரம் அசையாமல் நிற்க வேண்டும், திருகு ஏறும் மரை பல வருடங்களுக்குத் தேயாமல் இருக்க வேண்டும். 18 காரட்டில்தான் நிறமும் நிற்கும், உறுதியும் கிடைக்கும்.

மீதி 250 பங்கில் என்ன சேர்க்கிறார்கள் என்பதுதான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. வெள்ளியும் தாமிரமும் சரிபாதியாக, அதாவது 125-125 என்று போட்டால் நமக்குப் பழக்கமான மஞ்சள். தாமிரத்தை 205 வரை ஏற்றி வெள்ளியை 45-க்கு இறக்கினால் சிவப்புத் தங்கம். பல்லேடியமோ நிக்கலோ சேர்த்தால் வெள்ளைத் தங்கம். லாங்கே நிறுவனம் 2010-இலிருந்து சில குறைந்த எண்ணிக்கை வாட்ச்களில் தேன் நிறத்தில் ஒரு தனிக் கலவையையும் பயன்படுத்துகிறது. அதுவும் 18 காரட்தான். ஆனால் மற்றத் தங்கங்களைவிடக் கடினமானது, கீறல் எளிதில் விழாது.

தங்கத்துக்கு எடை உண்டு. 18 காரட் தங்கம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். கையில் வாங்கிய உடனே உள்ளங்கை அதைச் சொல்லிவிடும். வாட்ச்சின் அகலம் 38.5 மில்லிமீட்டர்தான், ஆனாலும் எடுத்தவுடன் ஒரு நிறைவு தெரியும். தங்க வாட்ச் பிரியர்கள் பலர் நிறத்தைவிட இந்தக் கனத்துக்காகவே அதை விரும்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான்.

கேஸ் செய்வது எப்படி? தங்கத்தை அச்சில் வார்த்து எடுக்கலாம். ஆனால் வார்ப்பில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் தங்கிவிடும். மெருகு போடும்போது அவை ஊசிமுனைக் குழிகளாக மேலே தெரியும். அதனால் நல்ல கேஸ்களை அழுத்தி உருவாக்கிய தங்கத்திலோ, கட்டித் தங்கத்திலிருந்து கடைந்தோதான் எடுப்பார்கள். அழுத்த அழுத்தத் தங்கம் இறுகிப்போகும். அப்புறம் அதைச் சூடாக்கி இளக்கி மறுபடி அழுத்துவார்கள். நம் ஊர்ப் பத்தர் தகடு தட்டும்போது நடுநடுவே காய்ச்சுவதும் இதே காரணத்துக்குத்தான். பட்டறையில் பறக்கும் தூளைச் சேர்த்து உருக்குவதும் இரு இடத்திலும் ஒன்றே.

அடுத்து மெருகு. லாங்கே 1-இன் கேஸில் கண்ணாடியைச் சுற்றிய வளையம் பளபளப்பாக இருக்கும். பக்கவாட்டுச் சுவர் மட்டும் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் ஓடும் மங்கல் மெருகு. இரண்டும் சந்திக்கும் விளிம்புதான் சோதனை. தங்கம் மென்மையானது, பஞ்சுச் சக்கரத்தில் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தால் விளிம்பு வழுக்கி உருண்டையாகிவிடும். அந்த விளிம்பு கத்தி போலக் கூர்மையாக நிற்கிறது என்றால், எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

தங்கத்தின் கதை இவ்வளவுதான். இனிதான் விஷயம்.

டயலைப் பார்த்தவுடன் ஒன்று கண்ணில் படும்: நடுவில் எதுவும் இல்லை. மணி, நிமிட முட்கள் இடதுபக்கம் ஒரு தனி வட்டத்தில். வலதுபக்கம் மேலே பெரிய தேதி, நடுவே இன்னும் எவ்வளவு சாவி மிச்சம் என்று காட்டும் முள், கீழே சின்ன வினாடி வட்டம். ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. மணி வட்டத்தின் மையம், வினாடி வட்டத்தின் மையம், தேதிச் சன்னலின் மையம் மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஓர் இருசமபக்க முக்கோணம் வரும். ஒழுங்கற்றது போலத் தோன்றுவதில் கண்ணுக்கு உறுத்தல் இல்லாமல் இருப்பதற்கு அந்த முக்கோணம்தான் காரணம். டயல் தட்டு கெட்டி வெள்ளி; அதன்மேல் பதித்த எண்களும் முட்களும் தங்கம்.

அந்தப் பெரிய தேதிக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகர் டிரெஸ்டனில் 1841-இல் திறந்த செம்பர் இசைநாடக அரங்கில் மேடைக்கு மேலே ஒரு கடிகாரம் வைத்தார்கள். முள் கிடையாது. இடது சன்னலில் ரோமன் எண்ணில் மணி, வலது சன்னலில் ஐந்து ஐந்து நிமிடமாக மாறும் எண். இருட்டு அரங்கில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. செய்தவர் அரசவைக் கடிகாரக்காரர் யோஹான் கிறிஸ்டியான் பிரீட்ரிக் குட்கேஸ். அவரிடம் வேலை பழகியவர், பின்னாளில் அவருக்கே மருமகனானவர், லாங்கே நிறுவனத்தைத் தொடங்கிய பெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே. லாங்கே 1-இன் இரட்டைச் சன்னல் தேதி அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வந்தது.

சாதாரண வாட்ச்சில் தேதி ஏன் சிறியது? ஒரே வளையத்தில் 1 முதல் 31 வரை எழுத வேண்டும். டயலின் சுற்றளவை 31-ஆல் வகுத்தால் ஒரு எண்ணுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். லாங்கேயில் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்றாம் இடத்துக்கு 0 முதல் 9 வரை எழுதிய ஒரு தட்டு; பத்தாம் இடத்துக்கு நான்கு கைகள் கொண்ட ஒரு சிலுவை வடிவத் துண்டு, அதில் 1, 2, 3, ஒரு வெற்றிடம். இப்போது எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்க இடம் வந்துவிட்டது. கேட்க எளிது. ஆனால் 31-ஆம் தேதி இரவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அடுத்த நாள் 1. பத்தாம் இடத்தில் 3 போய் வெற்றிடம் வர வேண்டும். ஒன்றாம் இடத்தில் இருக்கும் 1 மட்டும் அப்படியே நிற்க வேண்டும். மற்ற எல்லா இரவும் நகரும் தட்டு அந்த ஓர் இரவு நகரக் கூடாது. இதைக் கணினி இல்லாமல், பல் சக்கரத்தில் சில பற்களை விட்டுவிட்டே சாதிக்கிறார்கள். 30 நாள் மாதம் முடியும்போதும் பிப்ரவரியிலும் மட்டும் கேஸின் 10 மணிப் பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்தி நாம் சரிசெய்ய வேண்டும்.

இந்த வாட்ச் வந்த நேரமும் முக்கியம். பெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே 1845-இல் டிரெஸ்டனுக்குத் தெற்கே மலைப்பகுதியில் உள்ள கிளாஸ்ஹூட்டே என்ற ஊருக்குப் போனார். சுரங்கத் தொழில் நசிந்து வறுமையில் கிடந்த ஊர். அரசிடம் கடன் வாங்கி, 15 பேரைச் சேர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்து, அந்த ஊரையே கடிகார ஊராக மாற்றினார். 18 வருடம் ஊர்த் தலைவராகவும் இருந்தார். இரண்டாம் உலகப்போரின் கடைசி நாளில், 1945 மே 8 அன்று, குண்டுவீச்சில் குடும்பத்தின் தொழிற்கூடம் சிதைந்தது. 1948-இல், சோவியத் கட்டுப்பாட்டில் இருந்த ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில், அதை அரசுடைமையாக்கினார்கள். கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே மேற்கே தப்பிப் போனார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 66 வயதில் திரும்பி வந்து, 1990 டிசம்பர் 7 அன்று நிறுவனத்தை மறுபடி பதிவு செய்தார். முதல் நிறுவனம் தொடங்கிச் சரியாக 145 வருடம் முடிந்த நாள். அவருக்குத் துணை நின்றவர் குந்தர் புளூம்லைன் என்ற நிர்வாகி. நான்கு வருட உழைப்புக்குப் பிறகு 1994 அக்டோபர் 24 அன்று டிரெஸ்டன் அரண்மனையில் நான்கு வாட்ச்களைக் காட்டினார்கள். அதில் ஒன்று லாங்கே 1. காட்டிய வாட்ச்களில் தேதி 25 என்று வைத்திருந்தார்கள்; படம் பத்திரிகையில் வருவது அடுத்த நாள் அல்லவா. இன்றுவரை அந்த நிறுவனத்தின் படங்களில் தேதி 25 ஆகவே இருக்கும்.

இப்போது வாட்ச்சைத் திருப்புங்கள். பின்பக்கக் கண்ணாடி வழியாக இயந்திரம் தெரியும். மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒரு மங்கலான நிறத்தில், பெரும்பகுதியை மூடிய ஒரே தட்டு. முக்கால் தட்டு என்று இதைச் சொல்வார்கள். சுவிஸ் வாட்ச்களில் பொதுவாகச் சக்கரங்களின் அச்சை மேலிருந்து பிடிக்கப் பாலம் என்ற சின்னத் துண்டுகள் பல இருக்கும். இங்கே சக்கரங்கள் எல்லாவற்றின் மேல் முனைகளையும் ஒரே தட்டு பிடித்துக்கொள்கிறது. உறுதி அதிகம். ஆனால் பூட்டுவது பெரிய வேலை: எல்லா அச்சு முனைகளும் ஒரே சமயத்தில் அவரவர் துளையில் இறங்க வேண்டும். மிக மெல்லிய முனைகள். ஒன்று விலகியிருக்கும்போது அழுத்தினால் ஒடிந்துவிடும். பெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே பல வருடம் படிப்படியாக மாற்றி 1864 வாக்கில் இந்த அமைப்பை முடிவுக்குக் கொண்டுவந்தார்.

தட்டின் உலோகம்தான் நான் முதலில் சொன்ன மலிவான உலோகம்: ஜெர்மன் சில்வர். ஆமாம், நம் ஊரில் குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ் என்று கல்யாணத்தில் கொடுக்கிறோமே, அதே வகைக் கலவை. பெயரில்தான் வெள்ளி, உள்ளே வெள்ளி கிடையாது. நாளாக நாளாக அது தானாகவே ஒரு இளம்பொன் நிறத்துக்கு மாறும், அதன்பின் அந்தப் படலமே அதற்குப் பாதுகாப்பு. மற்றவர்கள் பித்தளைத் தட்டு செய்து அதன்மேல் ரோடியம் முலாம் போட்டுவிடுவார்கள். முலாம் சின்னச் சின்னக் குறைகளை மறைக்கும், விரல்ரேகை ஒட்டாது. ஜெர்மன் சில்வரை லாங்கே முலாம் இல்லாமல் அப்படியே விடுகிறது. ஒரு விரல்ரேகை பட்டால் கறை நிற்கும். ஒரு திருப்புளி வழுக்கினால் கீறல் நிரந்தரம்.

அதனால்தான் ஒவ்வொரு வாட்ச்சையும் இரண்டு முறை பூட்டுகிறார்கள். முதல்முறை சாதாரணத் திருகுகள் போட்டுப் பூட்டி, ஓடவிட்டு, நேரம் பிசகாமல் இருக்கும்வரை திருத்துவார்கள். அப்புறம் முழுவதையும் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, அலங்கார வேலையை முடித்து, இந்தமுறை நீலத் திருகுகளோடு மறுபடி பூட்டுவார்கள். 1994-இன் இயந்திரத்தில் 365 பாகங்கள். அத்தனையையும் இரண்டு தடவை. இந்த ஒரு வழக்கத்துக்கே விலையில் கணிசமான பங்கு போகும், என் கணிப்பில் அது நியாயமான பங்கு.

நீலத் திருகு என்றேன். பெயின்ட் இல்லை. மெருகேற்றிய எஃகுத் திருகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, சுமார் 300 டிகிரி செல்சியஸ் நெருங்கும்போது அடர்நீலம். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். தாண்டினால் வெளிறிய சாம்பல் நீலமாகிவிடும். மறுபடி மெருகு போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஒரு வாட்ச்சில் எல்லாத் திருகும் ஒரே நீலமாக இருப்பது தற்செயல் கிடையாது.

அந்தத் திருகுகள் சிலவற்றின் நடுவே சிவப்புக் கல், கல்லைச் சுற்றி ஒரு தங்க வளையம் தெரியும். சக்கரத்தின் அச்சு முனை தேயாமல் சுழல்வது அந்தக் கல்லின் துளையில்தான். அந்தக் காலத்தில் கல் இயற்கை மாணிக்கம். ஒவ்வொன்றும் ஒரு அளவு, எளிதில் உடையும். வளையத்தோடு கழற்றி மாற்றினால் தட்டு சேதமாகாது. 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூயி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்ட பிறகு, ஒரே அளவில் கல் கிடைக்கத் தொடங்கியது. இப்போது கல்லை நேராகத் துளையில் அழுத்திவிடலாம்; வளையம் தேவையே இல்லை. லாங்கே 1-இன் முதல் இயந்திரத்தில் 53 கல், அதில் 9 கல்லுக்கு மட்டும் திருகிய தங்க வளையம். தேவையில்லாததை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வேலையைச் செய்யத் தெரிந்த கைகள் அந்த ஊரில் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அதை ஆதரிக்கவும் செய்கிறேன்.

முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பாலம் உண்டு, அதில் பூவேலை இருக்கும். முழுக்க உளியால், கையால் செதுக்குவது. செதுக்குபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வளைவு, ஒரு ஆழம். பழகிய கண் பார்த்தால் இது யார் கை என்று சொல்லிவிடும். அதனால் ஒரு வாட்ச் போல இன்னொன்று இருக்காது.

ஆனால் என்னைக் கேட்டால் மிக உயர்ந்த வேலை அந்தப் பூவில் இல்லை, அதன் பக்கத்தில் அன்னத்தின் கழுத்துபோல வளைந்து நிற்கும் எஃகு ஸ்பிரிங்கில் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்குக்குப் போடும் மெருகுக்குக் கறுப்பு மெருகு என்று பெயர். வெள்ளீயத் தகட்டில் வைரத்தூள் குழம்பு தடவி, அதன்மேல் பாகத்தை மிக மென்மையாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேற்பரப்பு அவ்வளவு சமமாகிவிட்டால், ஒரு கோணத்தில் பார்க்கும்போது வெளிச்சம் முழுவதும் திரும்பிப் பளீரென்று வெள்ளையாகத் தெரியும்; கொஞ்சம் சாய்த்தால் கரி போலக் கறுப்பு. நடுவே சாம்பல் நிறமே கூடாது. ஒரு தூசி புகுந்தால் கீறல் விழுந்து மறுபடி முதலிலிருந்து.

அதேபோல, பாலங்களின் விளிம்பை 45 டிகிரியில் சரித்து மெருகு போடுவது. வெளிமூலைகளை இயந்திரமும் ஓரளவு செய்யும். உள்மூலையில், இரண்டு சரிவுகள் ஒரே கூர்க்கோட்டில் சந்திக்கும் இடத்தில், சுழலும் கருவி எதுவும் போகாது; போனால் வட்டமாகத்தான் வரும். அரத்தாலும் மரக்குச்சியாலும் கை மட்டுமே செய்ய முடிந்த வேலை. விலையுயர்ந்த எந்த வாட்ச்சைப் பார்த்தாலும் பத்து மடங்கு லென்ஸை வைத்து நான் முதலில் தேடுவது அந்த உள்மூலையை. கூர்மையாக இருந்தால் அங்கே கை பட்டிருக்கிறது. உருண்டையாக இருந்தால், விலை எவ்வளவு சொன்னாலும், இயந்திரம்தான் செய்திருக்கிறது.

2015-இல் உள்ளே இயந்திரத்தை மாற்றினார்கள். பாகங்கள் 368 ஆயின, தேதி நள்ளிரவில் சட்டென்று மாறத் தொடங்கியது. ஒருமுறை சாவி கொடுத்தால் 72 மணிநேரம் ஓடுவது முன்பும் உண்டு, இப்போதும் உண்டு. வெளித்தோற்றத்தில் தொட்டதும் தெரியாதபடி விட்டுவிட்டார்கள்.

சரி, இதை வாங்கலாமா? தங்கத்தைச் சேமிப்பாக நினைத்து வாங்க வேண்டாம். அடகுக்கடையில் எடை போட்டால் 75 சதவீதத் தங்கத்துக்குத்தான் கணக்கு. 365 பாகங்களின் உழைப்புக்குத் தராசில் இடம் இல்லை. சேமிப்புக்கு நாணயமே மேல். இது பார்த்துப் பார்த்து அனுபவிக்க விரும்புகிறவர்களுக்கான பொருள். பழையது வாங்குவதாக இருந்தால் கேஸின் விளிம்புகளையும் 750 முத்திரையையும் லென்ஸில் பாருங்கள். முத்திரை தேய்ந்து மங்கி, பளபளப்பும் மங்கலும் சந்திக்கும் கோடு குழைந்திருந்தால் யாரோ பலமுறை மெருகு போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மெருகிலும் கொஞ்சம் தங்கம் போயிருக்கும், போன வடிவம் திரும்பாது. கீறல் விழுந்த தங்கக் கேஸை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் "மெருகு போட வேண்டாம்" என்று எழுத்தில் கொடுங்கள். பின்மூடியைத் திறப்பவர் விரலுறை போட்டிருக்கிறாரா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.